முள்ளைத் தூக்கியவர்

அவர் வீட்டில் யாரும் ஒரு பாட்டை முழுதாகக் கேட்டதில்லை. பல்லவி வரும். முதல் சரணம் வரும். இரண்டாவது சரணத்துக்கு முன்பு புல்லாங்குழலோ வயலினோ தொடங்கும்போது அவர் நாற்காலியைவிட்டு எழுந்து வந்து, ஒற்றை விரலால் கிராமபோன் முள்ளைத் தூக்கிவிடுவார். தட்டு மட்டும் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். கேட்டுக்கொண்டிருந்தவர் ஒன்றும் புரியாமல் பார்ப்பார். "மீதி எனக்கு" என்பார் இவர். சிரித்த முகத்தோடுதான் சொல்வார். முதல் தடவை நானும் கூடச் சிரித்தேன்.

மைசூரில் சரஸ்வதிபுரத்துப் பக்கம் ஒரு தனியார் காது பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். பதினெட்டு வருஷம் ஆகிறது. ஒலி புகாத ஒரு சின்ன அறை, நடுவில் நாற்காலி, காதில் மாட்ட ஹெட்போன், கையில் பிடிக்க ஒரு பொத்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புவேன். கேட்டால் அவர்கள் பொத்தானை அமுக்க வேண்டும். அங்கே வருகிறவர்கள் எல்லாரும் காது கேட்காமல் வருகிறவர்கள். காது நன்றாகக் கேட்கிறது என்று உறுதிப்படுத்திக்கொள்ள வந்தவர் அவர் ஒருவர்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, யாரும் சொல்லாமலே வருவார்.

அப்போது அறுபதைத் தாண்டியிருந்தார். மருந்துக் கம்பெனி பிரதிநிதியாகக் கொள்ளேகால், சாம்ராஜநகர், சத்தியமங்கலம், ஈரோடு என்று பையைத் தூக்கிக்கொண்டு முப்பது வருஷம் அலைந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அரைக்கைச் சட்டையை உள்ளே விட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போட்டுத்தான் வெளியே வருவார். டாக்டர்களிடம் பேசிப் பழகிய குரல். எதிரே இருப்பவர் மறுத்துப் பேச இடம் வைக்காத மென்மை. வாக்கியத்துக்கு வாக்கியம் கடைசியில் கன்னடத்து "அல்வா?" ஒன்று சேர்ப்பார். 'அப்படித்தானே' என்பதற்கு மைசூரில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம். தமிழில் அல்வா கொடுப்பது என்றால் என்னவென்று எனக்கும் தெரியும். இருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

மூன்றாவது முறை வந்தபோது அறையைவிட்டு வெளியே வந்து, "ஊர்ல நிம்மதியான எடம் இது ஒண்ணுதான்மா" என்றார். அவ்வளவு மெல்லிய ஒலிகளை அந்த வயதில் கேட்டவர் என் அனுபவத்தில் வேறு யாருமில்லை. அதைச் சொன்னதும் அவர் முகம் பரிசு வாங்கிய பள்ளிப் பையனைப் போல ஆனது. "நீங்க சத்தத்தோட வேலை செய்யறவங்க. உங்களுக்குப் புரியும்" என்று வீட்டுக்கு வரச் சொன்னார்.

நான் கணவனைப் பிரிந்து வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்த நேரம் அது. ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கே போவது என்று தெரியாது. கொள்ளேகாலில் இருந்த அண்ணன் வீட்டில் என்னைப் பார்த்தாலே குரல் தாழ்ந்துவிடும். அப்படி இருந்தவளை, படித்த, மரியாதையான ஒருவர், உனக்குப் புரியும் என்று சொல்லிக் கூப்பிட்டார். அந்தப் பெருமை எனக்குத் தேவையாக இருந்தது. பின்னால் நடந்ததற்கெல்லாம் என் பக்கத்துக் காரணம் அதுதான்.

அவர் சேர்த்தது சின்ன இசைத்தட்டுகள். ஒரு சாண் அகலம்கூட இருக்காது. ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு. அதிலும் எழுபதுகளின் முதல் மூன்று நான்கு வருஷங்களில் வந்தவை மட்டும். அதிலும் யாரும் கேள்விப்படாதவை மட்டும். பாதியில் நின்றுபோன படங்களின் பாட்டு, நாடகக் கம்பெனிக்காரர்கள் கைக்காசு போட்டுப் பதிந்தது, சோப்பு விளம்பரம், தோற்றுப்போன வேட்பாளருக்குப் போட்ட தேர்தல் பாட்டு. அந்த வருஷங்களில் சின்னச் சின்னக் கம்பெனிகள் முளைத்து, நூறு இருநூறு தட்டுகளை அச்சடித்துவிட்டுக் காணாமல் போயின என்பார். எல்லாரும் பாடித் திரிகிற பாட்டுகள் அவருக்கு ஆகாது. "அதெல்லாம் ஊர்ப் பொது. ஒரு பாட்டை எத்தனை பேர் கேக்கலையோ அத்தனை மதிப்பும்மா அதுக்கு" என்பது அவர் அடிக்கடி சொல்வது.

பாட்டுக் கேட்கும் அறைக்குள் போகுமுன் கையைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிடுவார். அவர் மனைவி சமையலறையில் மிக்ஸி ஓட்டக் கூடாது, குழாயைத் திறக்கக் கூடாது. தாளம் தட்டினால் விரலையே பார்ப்பார். தட்டின் விளிம்பை உள்ளங்கைகளால் பிடித்து உறையிலிருந்து எடுக்கும்போது அந்த முகத்தில் வருகிற கனிவை வேறு எதற்கும் அவர் செலவழித்து நான் பார்த்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பின்னால் யாரோ ஒருவர் இருமியது, மூன்றாவது வயலின் கொஞ்சம் தாமதமாக வந்தது, பாடுகிற பெண் மூச்சு வாங்கியது, எல்லாவற்றையும் சொல்வார். அவர் சொன்ன பிறகுதான் எனக்கும் கேட்கும். அவர் கேட்ட மாதிரி ஒரு பாட்டைக் கேட்டவரை நான் பார்த்ததில்லை. இதையும் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது.

தட்டுகளை அவர் எப்படிச் சேர்த்தார் என்பதை அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். வேலையில் இருந்த காலத்தில் எந்த டாக்டர் வீட்டில் கிராமபோன் இருக்கிறது, எந்த ரேடியோ கடைக்காரர் கடையை மூடப்போகிறார் என்பதெல்லாம் மனப்பாடம். காலையில் செய்தித்தாளில் முதலில் பார்ப்பது இரங்கல் அறிவிப்புகளை. தெரிந்த பெயர் வந்தால் பதினாறாம் நாள் முடிந்ததும் துக்கம் விசாரிக்கக் கிளம்பிவிடுவார். முதல் தடவை ஒன்றும் கேட்க மாட்டார். இரண்டாம் தடவை பழம் வாங்கிக்கொண்டு போவார். மூன்றாம் தடவை இறந்தவரின் மனைவியே, இதெல்லாம் இங்கே கிடந்து என்ன செய்யப்போகிறது, நீங்கள் எடுத்துப்போங்கள் என்று சொல்லிவிடுவார். மண்டியாவில் ஒரு டாக்டரின் மனைவி இவர் கையைப் பிடித்துக்கொண்டு, சொந்தத் தம்பிகூட இத்தனை தடவை வரவில்லை என்று அழுதாராம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கேலி இல்லை. அன்றைக்குக் கிடைத்த பதினொரு தட்டுகளின் விவரத்துக்கு நடுவில் அதுவும் ஒரு விவரமாக வந்தது.

அவர் மனைவி அதிகம் பேச மாட்டார். ஒருநாள் சமையலறையில் அவரோடு பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். பூண்டு இருந்த கிண்ணம் கறுப்பாக, ஓரமெல்லாம் மடிப்பு மடிப்பாக, பூ மாதிரி இருந்தது. எங்கே வாங்கியது என்று கேட்டேன். அவர் பூண்டை ஒதுக்கிவிட்டு அடிப்பகுதியைக் காட்டினார். இசைத்தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதம், எண்ணெய்க் கறையோடு.

"ஒரே பாட்டு ரெண்டு தட்டு கெடைச்சா ஒண்ணை இப்படிப் பண்ணிடுவாரு. கொதிக்கிற தண்ணியில போட்டா அப்பளம் மாதிரி தளர்ந்துடும். பாத்திரத்து மேல கவுத்து விட்டா கிண்ணம் ரெடி."

எதற்காக, யாருக்காவது கொடுக்கலாமே என்றேன். அவர் பூண்டைத் திரும்பக் கிண்ணத்தில் போட்டார். "கொடுத்தா அவங்ககிட்டயும் இருக்குமே" என்றார். அலமாரிக்கு மேலே அப்படிப்பட்ட கிண்ணங்கள் ஏழெட்டு அடுக்கியிருந்தன. அன்றைக்கே நான் அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்தியிருக்க வேண்டும். பெரிய ரசிகர்களுக்கு இப்படிச் சில கிறுக்குகள் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு அடுத்த ஞாயிறும் போனேன். அந்த ஞாயிறுதான் பாடியவர் ராஜாமணி என்று அச்சிட்ட தட்டை எடுத்து, உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கிறது என்று சொல்லி, பாதி போட்டுக் காட்டினார். இடுப்புக் குடத்தில் தளும்புகிற தண்ணீரைப் பற்றிய பாட்டு. மெல்லிய குரல், ஆனால் உச்சியில் போய் நடுங்காமல் நின்றது.

மூன்று வாரம் கழித்து, கொள்ளேகாலிலிருந்து ஒரு அம்மாவை அவருடைய மகள் எங்கள் நிலையத்துக்கு அழைத்து வந்தாள். மகள் பெயர் கவிதா. அம்மாவுக்கு அறுபது இருக்கும். பட்டு நூல் முறுக்கும் மில்லில் இருபத்தெட்டு வருஷம் வேலை செய்தவர். அந்த இயந்திரங்களின் இரைச்சல் காதைத் தின்றுவிட்டது. வலது காது ஏறக்குறைய போயிருந்தது. இடது காதில் கொஞ்சம் மிச்சம் இருந்தது, அதுவும் வேகமாகக் குறைந்துகொண்டு வந்தது. ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ, அதற்கு மேல் காது மிஷின் வைத்தாலும் பயனிருக்காது என்று டாக்டர் கவிதாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

மிஷின் பொருத்துமுன் எல்லாரிடமும் நாங்கள் ஒரு கேள்வி கேட்போம். எது நன்றாகக் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள்? டிவி என்பார்கள், பேரன் பேச்சு என்பார்கள், கோவில் மணி என்பார்கள். அந்த அம்மா கொஞ்சம் வெட்கப்பட்டார். "நான் பாடுன பாட்டு ஒண்ணு இருக்குதுங்க. அதைக் கேக்கோணும்" என்றார்.

அவருடைய அப்பா நாடகக் குழுவில் ஆர்மோனியம் வாசித்தவர். இவருக்குப் பதினேழு வயதில் யாரோ படம் எடுக்கிறார்கள் என்று சென்னைக்கு அழைத்துப்போய் ஒரு பாட்டுப் பாட வைத்தார். பதிவு முடிந்ததும் ஒரு தடவை போட்டுக் காட்டினார்கள். தட்டு வந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள். வரவில்லை. படமும் வரவில்லை. அப்பா அடுத்த வருஷமே போய்விட்டார். பிறகு கல்யாணம், மில், பிள்ளைகள். அந்த ஒரு தடவைக்குப் பிறகு தன் குரலை அவர் கேட்டதே இல்லை. என்ன பாட்டு என்று கேட்டேன். சோதனை அறைக்குள் உட்கார்ந்தபடியே இரண்டு வரி பாடினார். குரல் போயிருந்தது. ஆனால் குடத்துத் தண்ணீர் தளும்பியது. அவர் பெயர் ராஜாமணி என்பது அதுவரை எனக்குச் சீட்டில் எழுதிய வெறும் பெயர்.

யோசிக்காமல் அங்கேயே சொல்லிவிட்டேன், அந்தத் தட்டு எனக்குத் தெரிந்த ஒருவரிடம் இருக்கிறது என்று. ராஜாமணியம்மாவுக்கு முதலில் கேட்கவில்லை. கவிதா அவர் காதருகே போய்த் திரும்பச் சொன்னாள். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

அன்று மாலையே தட்டு வைத்திருந்தவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். தயங்குவார் என்று நினைத்திருந்தேன். அவரோ நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். கூட்டிக்கொண்டு வாருங்கள், இந்த ஞாயிறே கூட்டிக்கொண்டு வாருங்கள், பழைய போட்டோ, கடிதம் எது இருந்தாலும் எடுத்து வரச் சொல்லுங்கள் என்று மூன்று தடவை சொன்னார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். இத்தனை நாளும் இந்த மனிதரை நான்தான் தப்பாக எடைபோட்டுவிட்டேன் என்று வெட்கப்பட்டேன்.

ஞாயிறு காலை கொள்ளேகால் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ராஜாமணியம்மா நீலப் பட்டுப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தார். புது மிஷின் இடது காதில் இருந்தது. வீட்டுக்காரர் வாசலுக்கே வந்து வரவேற்றார். காபி, மைசூர் பாகு எல்லாம் வந்தன. பிறகு ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தார். எந்த ஸ்டூடியோ, எந்த மாதம், வயலின் எத்தனை பேர், புல்லாங்குழல் யார். பொறுமையாக, குரலை உயர்த்தி, உதடு அசைவது தெரிகிற மாதிரி கேட்டார். ராஜாமணியம்மா நினைவிருந்ததையெல்லாம் சொன்னார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கடைசியாக, வேறு யாரிடமாவது இந்தத் தட்டு இருக்குமா என்று கேட்டார். தயாரிப்பாளர் வீட்டில் இருந்ததெல்லாம் வெள்ளத்தில் போனதாகக் கேள்விப்பட்டேன், வேறு யாரிடமும் இல்லை என்றார் அந்த அம்மா. அவர் நோட்டை மூடினார். தோள் இறங்கி, முகம் தளர்ந்து, ஒரு பெரிய வேலை முடிந்தவரைப் போலச் சாய்ந்து உட்கார்ந்தார்.

அவர்கள் கொண்டுவந்தது ஒரே ஒரு போட்டோ. ஸ்டூடியோ வாசலில் தாவணியில் பதினேழு வயது ராஜாமணி. பக்கத்தில், துணியில் சுற்றிய ஆர்மோனியத்தைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு அவருடைய அப்பா. அப்பாவுக்கு வேறு போட்டோவே கிடையாது என்றாள் கவிதா. அதை வாங்கிப் பார்த்தவர், நல்ல கடையில் பிரதி எடுத்துவிட்டுத் தருகிறேன் என்று நோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

"பாட்டைப் போடுங்க சாமி" என்றார் ராஜாமணியம்மா.

கை கழுவி வந்தார். தட்டை எடுத்தார். விசிறியை நிறுத்தினார். தட்டு சுற்ற ஆரம்பித்தது. முள் பொருத்திய இயந்திரக் கையை அதன் மேல் கொண்டுபோய் வைத்துவிட்டு, வழக்கம்போல் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

சத்தம் வரவில்லை. ராஜாமணியம்மா முன்னால் குனிந்தார். கொஞ்ச நேரம் பொறுத்து, காது மிஷினை விரலால் அழுத்தினார். அதன் சின்னச் சக்கரத்தைத் திருப்பினார். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தார். கண் மூடி உட்கார்ந்திருக்கிற அவரைப் பார்த்தார். பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, தனக்குத்தான் கேட்கவில்லை என்று நினைத்துவிட்டார். அந்த அம்மாவின் உதடு கோணியது. கவிதாவின் பக்கம் திரும்பி, "எல்லாருக்கும் கேக்குதா கண்ணு?" என்றார், அந்த வீடே அதிரும் குரலில்.

நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தட்டு நேராகத் தெரிந்தது. முள்ளுக்கும் தட்டுக்கும் நடுவில் வெளிச்சம் இருந்தது. அந்த இயந்திரக் கையைத் தூக்கி நிறுத்தும் நெம்புகோலை அவர் இறக்கவே இல்லை. முள் தட்டைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது.

அவர் கண்ணைத் திறந்து எழுந்து வந்து, குனிந்து பார்த்து, உச்சுக்கொட்டினார். முள் ஒடிந்துவிட்டது, பெங்களூரில் சொல்லி வரவழைக்க வேண்டும், ஒரு மாதம் ஆகும், வந்ததும் சொல்லி அனுப்புகிறேன் என்றார். அவ்வளவு வருத்தமாகச் சொன்னார். ராஜாமணியம்மா தன் காதில் குறையில்லை என்று தெரிந்ததும் பெருமூச்சு விட்டு, "அதுக்கென்னங்க, ஒரு மாசந்தானே" என்று அவருக்கே ஆறுதல் சொன்னார்.

நான் எழுந்து போய் அந்த நெம்புகோலை இறக்கியிருக்கலாம். நாலு அடி தூரம். சுண்டுவிரல் போதும். நான் பஸ் நேரத்தைப் பற்றிப் பேசினேன்.

அவர்களை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பிப் போனேன். அவர் தட்டைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டிருந்தார். ஏன் சார் என்று மட்டும் கேட்டேன். மறைக்க முயலவில்லை.

"ஒரு தடவை கேட்டா மறுபடி வருவாங்க. அந்தப் பொண்ணு போன்ல பதிஞ்சுக்கும். நாளைக்கு ஊரெல்லாம் இருக்கும். அப்புறம் இதுக்கு என்னம்மா மதிப்பு?"

அது அவங்க பாட்டு சார் என்றேன்.

"பாடுனது அவங்க. ஒரு நாள் பாடுனாங்க, போயிட்டாங்க. நாப்பது வருஷமா அது இருக்கறது கேக்கறவனாலதானே. அல்வா?"

அதற்கு என்ன பதில் சொல்வது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அன்றைக்கு, போட்டோவையாவது கொடுங்கள் என்றேன். பிரதி எடுக்கக் கொடுத்தனுப்பிவிட்டேன் என்றார். அவர்கள் கிளம்பி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு போட்டோவுக்காக மட்டும் நான்கு தடவை போனேன். கடை மூடியிருக்கிறது என்றார். எங்கேயோ வைத்துவிட்டேன் என்றார். நான்காம் தடவை அவர் மனைவி வாசல் கேட் அருகிலேயே நின்று, அவர் வீட்டில் இல்லை என்று சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே விசிறி நின்றிருந்தது, ஜன்னல்கள் மூடியிருந்தன. கவிதா மாதத்துக்கு ஒருமுறை போன் செய்து முள் வந்துவிட்டதா என்று கேட்பாள். இன்னும் வரவில்லை என்பேன். பிறகு அவள் எண்ணைப் பார்த்தால் எடுக்காமல் விட ஆரம்பித்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால், நீங்கள் ஏன் அப்போதே சொல்லவில்லை என்று அவள் கேட்டிருப்பாள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துகொண்டு ஒரு வருஷத்தை ஓட்டினேன். அந்த வருஷத்தின் முடிவில் ராஜாமணியம்மாவை மறுபடி சோதித்தோம். மிஷினில் இருக்கிற மிக உரத்த ஒலிக்கும் அவர் கையிலிருந்த பொத்தான் அமுங்கவில்லை.

இத்தனைக்கும் அந்த மனிதர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்னிடம் சோதனைக்கு வருவதை நிறுத்தவில்லை. ஒன்றுமே நடக்காதது போல வந்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு உள்ளே போய் உட்காருவார். ராஜாமணியம்மாவின் காது முழுதாகப் போய்விட்ட அதே மாதத்திலும் வந்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். முதல் மூன்று ஒலிகளை அனுப்பினேன், மூன்றுக்கும் பொத்தானை அமுக்கினார். பிறகு நான் கையை எடுத்துவிட்டேன். ஒன்றும் அனுப்பவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் காத்திருந்தார். புருவம் நெளிந்தது. ஹெட்போனைச் சரிசெய்தார். கழுத்தை நீட்டினார். நெற்றியில் வேர்வை பொடித்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் மிஷினைத் திருகுகிற மாதிரி கையை அசைத்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு பீதியை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு நிமிஷம் இருக்கும். அதற்கு மேல் என்னால் முடியவில்லை, ஒலியை அனுப்பினேன். பொத்தானை அவர் விடாமல் மூன்று நான்கு தடவை அமுக்கினார்.

வெளியே வந்ததும், எல்லாம் நார்மல் சார் என்றேன். நடுவுல கொஞ்ச நேரம் ஒண்ணுமே கேக்கலையேம்மா என்றார். சில சமயம் அப்படி ஆகும் என்றேன். என்னால் அவருக்குச் செய்ய முடிந்தது அவ்வளவுதான். அதில் எனக்கு நிறைவு கிடைக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பில் போய்விட்டார். எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. தேவராஜ மார்க்கெட்டில் வெற்றிலைக் கடை முன்னால் அவர் மனைவியைப் பார்த்தேன். இளைத்திருந்தார். தட்டுகளை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். வெளிநாட்டிலிருந்து வந்த மகன் பெட்டி பெட்டியாக பெங்களூர்க்காரர் ஒருவருக்கு மொத்தமாகக் கொடுத்துவிட்டானாம். நோட்டு, காகிதம், போட்டோ எல்லாமே பெட்டியோடு போய்விட்டன.

"இப்ப எப்ப வேணா மிக்ஸி போடலாம்மா" என்றார். "ஒருத்திக்கு என்னத்தை அரைக்கறது?"

அதற்கப்புறம் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. வேலை இல்லாத நேரத்தில் போனில் அந்தப் பாட்டின் முதல் வரியை அடித்துத் தேடுவேன். போன மாதம் கிடைத்தது. பெங்களூர்க்காரர் ஏற்றியிருந்தார். தலைப்பில் இறந்துபோனவருடைய பெயர், பெரிய எழுத்தில், அன்னாரின் அரிய சேகரிப்பிலிருந்து என்று. கீழே பலர் எழுதியிருந்தார்கள். இப்படிப்பட்ட தியாகிகள் இல்லையென்றால் நம் இசை அழிந்துபோயிருக்கும் என்று ஒருவர். வணங்குகிறேன் ஐயா என்று இன்னொருவர். பாட்டின் மீதிப் பாதியை அப்போதுதான் கேட்டேன். இரண்டாவது சரணத்தில் குரல் இன்னும் மேலே போகிறது. போய், அங்கேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு இறங்குகிறது.

அடுத்த ஞாயிறு கொள்ளேகாலைத் தாண்டி இருக்கும் கௌதள்ளிக்குப் போனேன். கவிதாவுக்கு அங்கே மளிகைக் கடை. அம்மா அவளோடுதான் இருக்கிறார். அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அது எனக்கு வர வேண்டியதுதான். போனை அவள் கையில் கொடுத்துப் பாட்டைப் போட்டேன். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டு முழுதும் கேட்டாள். பிறகு இன்னொரு தடவை போட்டாள். கடைக்கு வந்த ஒருவரிடம் கையைக் காட்டி, அப்புறம் வரச் சொன்னாள்.

ராஜாமணியம்மா உள்ளேயிருந்து வந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். மகள் அழுவதைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த போனை வாங்கினார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைக் காதில் வைக்கவில்லை. திரையைத்தான் பார்த்தார். தாவணி கட்டிய பதினேழு வயதுப் பெண் அதில் இருந்தாள். பாட்டுக்குப் படமாக அந்தப் போட்டோவை வைத்திருந்தார்கள், அவர் மட்டும் தெரிகிற மாதிரி வெட்டி. தோளுக்குப் பக்கத்தில் ஆர்மோனியத்தின் ஒரு மூலையும், அதைப் பிடித்த நான்கு விரல்களும் மட்டும் இருந்தன.

அவர் விரலால் திரையை ஒரு பக்கமாகத் தள்ளினார். படம் நகரவில்லை. மறுபடி தள்ளினார். முந்தானையால் துடைத்துவிட்டுத் தள்ளினார்.

"எங்கய்யன் எங்க கண்ணு?" என்றார்.

கவிதா கத்தரிக்கோல் மாதிரி இரண்டு விரல்களைக் காட்டினாள். அவர் புரிந்துகொண்டார். கொஞ்ச நேரம் அந்த நான்கு விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை என்னிடம் நீட்டினார்.

"முழுப் போட்டோ அந்தத் தட்டுக்காரருகிட்டத்தான் இருக்குதுங்க. நல்ல மனுசரு, பத்தரமா வெச்சிருப்பாரு. அடுத்தவாட்டி அந்தப் பக்கம் போனீங்கன்னா ஞாபகமா வாங்கியாந்துருங்க."

நான் தலையாட்டினேன்.